வெயிலுக்குப் பயந்து எல்லை தாண்டியவர்

கருவேலங்காட்டு ராஜாவுக்குக் கோபம் வந்தால் கூடவே ஒரு சட்டமும் வரும். அந்தக் கோடையிலும் வந்தது. மழை பொய்த்துக் கிணறெல்லாம் வறண்டதால், கானல்பட்டி சனங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் பிழைக்கப் போயிருந்தார்கள்.

"வெயிலுக்குப் பயந்து ஊர் எல்லைக்கல்லைத் தாண்டியவன் நிலம் இனி அரண்மனைக்கு!" என்றார் ராஜா. எடுத்துக்கொடுத்தவர் மந்திரி மாசிலாமணி. கானல்பட்டிக் கரிசல் நிலத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

சபையில் விகடம் பேசிக் காலம் தள்ளும் அம்பலவாணருக்கு இது பொறுக்கவில்லை. மழை பெய்து திரும்பி வந்தால் அந்த சனங்கள் எங்கே போய் விதைப்பார்கள்? கெஞ்சிப் பார்த்தார். "ராஜவிசுவாசம் இல்லாதவனுக்கு நீர் வக்காலத்தா?" என்று ராஜா வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் அம்பலவாணர் மூச்சிரைக்க சபைக்குள் ஓடிவந்தார்.

"மகாராஜா, ஒருத்தர் மாட்டிக்கிட்டார்! பெரிய நிலக்காரர். நேற்றுச் சாயங்காலம் எல்லைக்கல்லைத் தாண்டிட்டார்."

"வெயிலுக்குப் பயந்தா?"

"வேறெதுக்கு? ஆற்றங்கரை மண்டபத்துல வெட்டிவேர்த் தட்டி கட்டி, உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கிட்டு, பானகமும் விசிறியுமா உட்கார்ந்திருக்கார்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். "நிலம் எவ்வளவு தேறும்?"

"இந்த நாட்டிலேயே அவருக்குத்தான் அதிகம், மந்திரியாரே. அத்தனையும் நஞ்சை."

"பறிமுதல் பண்ணுங்கள்!" ராஜா எழுந்தேவிட்டார். "அவனுக்குத் துணைபோனவன் எவன்? அவனையும் இழுத்து வாருங்கள்!"

அம்பலவாணர் தலையைச் சொறிந்தார். "பல்லக்குக்கு முதல் தோள் கொடுத்தது தாங்கள்தானே, மகாராஜா? நம்ம அழகேசப் பெருமாள். வசந்த உற்சவம்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். மந்திரி துள்ளிக் குதித்தார்.

"பெருமாளும் ஊரைவிட்டு ஓடினவனும் ஒன்றா? சூடு தாங்காமல் நாலு நாள் அங்கே இருப்பார். தணிந்ததும் வந்துவிடுவார். அவர் கோயில் எங்கே போய்விடும்?"

"கானல்பட்டிக்காரர்களும் இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க. பாவம், அவங்களுக்குப் பல்லக்குதான் கிடைக்கலை."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அங்கேயே செத்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. மழை வந்து சனங்கள் திரும்பும்வரைக்கும் அந்த நிலத்துக்கு ஒரு காவல் வேணும். வெயிலுக்குப் பயப்படாத ராஜவிசுவாசியா ஒருத்தரை அனுப்பினால் போதும்" என்ற அம்பலவாணர், மெதுவாகப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

மந்திரி மாசிலாமணிக்கு அப்போதே வியர்த்துவிட்டது.