பந்தை வாங்காதவள்

"டீச்சர், நல்லா பந்து போடுத பிள்ளை ஒருத்தி, இனிமே பந்தையே தொட மாட்டேன்னு இருந்தா என்ன செய்யணும்?"

ஞானசிகாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம் சொல்லவும் மறந்திருந்தார்.

திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர். வயது நாற்பத்தெட்டு. ஒட்டன்சத்திரத்துக்கு மூன்று பஸ் மாறி வந்திருந்தார். எதிரே இருந்த தெய்வானைக்கு முப்பத்துமூன்று. சிறுமிகளுக்கு பேஸ்பால் சொல்லித்தருகிறவள். அவளிடம் போய்ப் பாருங்கள் என்று ஒருவருக்கு இருவராகச் சொல்லியிருந்தார்கள்.

தெய்வானை மைதானத்தில் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு அந்தப் பிள்ளை?"

"எம் மக. எஸ்தர். பன்னெண்டு வயசு."

"என்ன நடந்துச்சு?"

"அரையிறுதி ஆட்டம். அவதான் பிட்ச்சர், பந்து எறியுதவ. நான்தான் கோச். ஒரு ரன் முன்னால இருந்தோம். கடைசி இன்னிங்ஸ்ல அவளுக்குக் கை நடுங்கிட்டு. நாலு பந்து தப்பாப் போனா, அடிக்க நிக்குத பிள்ளைக்கு முதல் பேஸ் சும்மா கிடைச்சிரும்லா? அப்படி வரிசையா மூணு பேரை அனுப்பிட்டா. நான் உள்ள போனேன். பந்தை வாங்கி வேற பிள்ளை கையில குடுத்தேன்."

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல. தோத்துட்டோம்."

"அப்புறம்?"

"ஏழு மாசமாச்சு. சாப்பிடுதா, படிக்கா, தம்பிகிட்ட சிரிக்கா. நான் பந்துன்னு வாயெடுத்தா, தூக்கம் வருதுப்பான்னு எந்திச்சுப் போயிருதா. காலையில பத்து மணிக்கும் அதான் சொல்லுதா."

கோடு முடிந்தது. தெய்வானை கையைத் தட்டிக்கொண்டாள்.

"இந்த ஆட்டத்தைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

அவருக்குத் தெரியும். எல்லாம் படித்திருந்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொம்பதுல அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர்ல, பிள்ளைங்களுக்குன்னு மூணே மூணு டீமோட தொடங்கினாங்க. ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் நடுவுல பெரியவங்க தொண்ணூறு அடி ஓடுத இடத்துல பிள்ளைங்களுக்கு அறுபது அடி. பொம்பளப் பிள்ளைங்களை ரொம்ப வருசம் சேர்க்கலை. கோர்ட்டுக்குப் போய்த்தான் உள்ள வந்தாங்க. ஜப்பான்ல ஆட்டம் முடிஞ்சதும் பிள்ளைங்க மைதானத்தைப் பார்த்துக் குனிஞ்சு வணங்கும்."

"கோர்ட் வரைக்கும் எதுக்குப் போனாங்க? அப்படி என்ன இருக்கு இதுல?"

"அது நான் படிச்சதுல இல்லையே டீச்சர்."

"எனக்கும் தெரியாது," என்றாள் தெய்வானை. "ஆடுறவங்களைக் கேளுங்க."

பக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள் நஸீமா என்கிற சிறுமி. அவர் அவளைக் கேட்டார்.

"எங்க அண்ணங்க கூட கிரிக்கெட் ஆடுவேன் சார். எனக்கு அடிக்க முறையே வராது. அவங்க அடிச்சு முடிக்கிறதுக்குள்ள இருட்டிரும். இதுல கடைசிப் பேரா இருந்தாலும் அடிக்க என் பேரைக் கூப்பிடுவாங்க."

சொல்லிவிட்டு மட்டையைத் தேடி ஓடிவிட்டாள்.

தெய்வானை ஒரு பந்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நடுவுல இருக்கிற அந்த மேட்டுல போய் நில்லுங்க."

"நானா?"

"பிள்ளைங்க ரெண்டு டீமா ஆடப்போறாங்க. ஒரு டீமுக்கு நீங்கதான் இன்னைக்கு பிட்ச்சர்."

அவர் கல்லூரியில் வேகப்பந்து வீசியவர். சின்னப் பிள்ளைகள்தானே என்று நினைத்துக்கொண்டு போனார்.

முதல் பந்து பேட்டரின் தலைக்கு மேலே போனது. இரண்டாவது தரையில் குத்தியது. ஓடி வந்து வீசிப் பழகிய கை; நின்ற இடத்திலிருந்து எறிய வரவில்லை. முதல் சிறுமி நடந்தே முதல் பேஸுக்குப் போனாள். அடுத்தவளும் போனாள். மூன்றாமவளும் போனாள்.

மூன்று பேஸிலும் ஆள். இனி ஒருத்தி நடந்தாலும், முதலில் போனவள் சுற்றி வந்து ஒரு ரன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நான்காவது சிறுமிக்கும் நான்கு பந்தும் தப்பின. ஒரு ரன் போனது. கொஞ்சம் முன்னால் கிட்டத்தில் இருந்த பேட்டர் இப்போது தூரத்தில் தெரிந்தாள். அவருக்குப் பின்னால் ஏழு சிறுமிகள் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க அவர் திரும்பவில்லை.

"டீச்சர், போதும். வேற ஆளைப் போடுங்க."

தெய்வானை வேப்பமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்தாவது சிறுமியும் நடந்தாள். இன்னொரு ரன்.

அப்போதுதான் தெய்வானை எழுந்தாள். வெயிலில் நிதானமாக நடந்து வந்தாள்.

அவள் மேட்டில் ஏறும் முன்பே ஞானசிகாமணி பந்தை நீட்டினார்.

தெய்வானை தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

அவள் கையை அவிழ்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றாள். ரோட்டில் முருங்கைக்காய் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போனது. அது வளைவில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூச்சு வருதா சார்?"

"வருது."

அவள் இறங்கி நடந்தாள்.

"டீச்சர்! எப்படிப் போடணும்னு சொல்லலியே?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து நஸீமா வந்து நின்றாள். அவர் எறிந்தார். பந்து நேராகப் போனது. நஸீமா ஓங்கி அடித்தாள். மேலே எழும்பிய பந்தை, அவருக்குப் பின்னால் நின்ற ஒரு சிறுமி பிடித்துவிட்டாள். அவுட். அவர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளை பந்தை உயர்த்திக் காட்டியது.

அதற்குப் பிறகும் இரண்டு ரன் கொடுத்தார். மூன்றாவது அவுட் விழுந்து எதிர்ப்பக்கத்தின் முறை முடியும்வரை அவரை யாரும் மாற்றவில்லை.

சட்டை முதுகில் ஒட்டியிருக்க, நேரே வேப்பமரத்தடிக்கு வந்தார். உட்காரவில்லை. அவர் குரலில் கோபம் இருந்தது.

"அத்தனை பேர் முன்னாலயும் நான் அசிங்கப்பட்டு நின்னேன். நீங்க வந்தீங்க. கையைத் திருத்தலை. ஒரு வார்த்தை சொல்லித்தரலை. நீட்டுன பந்தையும் வாங்கலை. பின்ன எதுக்கு டீச்சர் அவ்வளவு தூரம் வந்தீங்க?"

"தனியா நின்னீங்க சார்," என்றாள் தெய்வானை. "அதான் வந்தேன்."