ஒரு குமிழ்கூட இல்லாத கறுப்பு

அநியாயம் நடந்தது தணிகைவேலுக்கு. செய்தவள் அவருடைய குரு.

ஐம்பத்திரண்டு வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்தில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் நிறைமதியிடம் தொழில் கற்க வந்தவர் அவர். அவளுக்கு இருபத்தாறு. அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒரு கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால், மறுநாளிலிருந்து தனியாக வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

எட்டு மாதமாக வாய்க்கவில்லை. அன்று வாய்த்தது.

பேக்கரிக்கார லூக்காஸ் தன் பைக்கில் காற்றுத் தடுக்க மாட்டியிருந்த முன்கண்ணாடி முழுக்க அடர் கறுப்பு கேட்டார். ரொட்டி ஏற்றிக்கொண்டு கோத்தகிரி மலை ஏறும்போது காலை வெயில் கண்ணைக் குத்துகிறதாம்.

தணிகைவேல் அளந்தார், வெட்டினார், சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டார்.

நிறைமதி வந்தாள். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஈரம் காயாத ஃபிலிமை முழுசாக உரித்துவிட்டாள். வாடிக்கையாளர் கண்ணெதிரே.

கேட்டதைத்தானே ஒட்டினேன்? வேலையில் ஒரு குறை உண்டா? உண்டென்றால் வாயால் சொல்லக்கூடாதா? குரு என்றால் எதையும் செய்யலாமா?

இத்தனையும் கேட்டார் தணிகைவேல். நானாக இருந்தால் இன்னும் நாலு சேர்த்துக் கேட்டிருப்பேன்.

நிறைமதி உரித்த ஃபிலிமுக்கு மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்தாள்.

அவர் ஷெட்டுக்குள் போய், கம்ப்ரசர் பக்கத்து இருட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தூக்கு மடியில். இனி வரப்போவதில்லை என்று அர்த்தம்.

நிறைமதி உரித்ததையே மறுபடி கண்ணாடியில் படியவைத்தாள். வண்டியை ஷெட் பக்கம் திருப்பி நிறுத்தி, லூக்காஸை ஏறி உட்காரச் சொன்னாள்.

லூக்காஸ் குள்ளம். பின்னாலிருந்து பார்த்தால் ரொட்டிப் பெட்டிதான் வண்டி ஓட்டுகிறது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"உள்ள என்னங்க தெரியுது?"

"இருட்டுதானுங்க."

"நல்லாப் பாருங்க."

லூக்காஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லீங்களே. அந்த அண்ணன் கோவத்துல கம்ப்ரசரையும் தூக்கிட்டுக் கிளம்பிட்டாராட்ட இருக்குது."

"கிளம்பலைங்க. உங்க நேர் எதிர்லதான் உக்காந்திருக்கேன்" என்றார் தணிகைவேல்.

லூக்காஸ் பதறி பிரேக்கைப் பிடித்தார். வண்டி ஸ்டாண்டில்தான் நின்றிருந்தது.

தணிகைவேல் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆறடி ஆள். ஷெட் வாசலில் குனிந்துதான் வெளியே வர வேண்டும்.

வந்து, கண்ணாடியைப் பார்த்தார். லூக்காஸைப் பார்த்தார்.

"நான் உக்காந்து பார்த்தப்ப எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுதே, மாஸ்டர்."

நிறைமதி பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க கண்ணாடிக்கு மேல பார்த்தீங்கண்ணே."