தட்டிக்கு அந்தப் பக்கம்

மலையடிவாரத்தில், ஏரியைப் பார்த்தபடி ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்தவர் நீலாயதாட்சி அம்மா. அவருடைய சீடர் வைத்தியலிங்கம், அவரைவிட நன்றாகவே மூத்தவர். ஓய்வு பெற்ற சர்வேயர். அதனால் குரு சீடரை 'ஐயா' என்றும், சீடர் குருவை 'அம்மா' என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

குழப்பம் ஒரு பூனையால் வந்தது.

ஆனித் திருமஞ்சனத்தன்று தீட்சை தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். பல வருஷம் காத்திருந்து வாங்கிய வாக்கு. அந்த நாள் தவறினால் இனி அடுத்த ஆனிதான். தன் வயதில் அடுத்த ஆனியை நம்ப வைத்தியலிங்கம் தயாராக இல்லை. தீட்சைக்கு முன்பிருந்தே எல்லாவற்றிலும் சுத்தம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்படி ஒரு காலையில், பூஜை அறைக்குள் பூனை ஒன்று நுழைவதைப் பார்த்துப் பதறி, கதவை அறைந்து சாத்தினார். அதன் பின்னங்கால் கதவிடுக்கில் மாட்டி ஒடிந்தது.

கால்நடை மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, அசையவிடாமல் ஒரே இடத்தில் வைத்திருக்கச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டால்தான் எலும்பு கூடுமாம்.

மடத்துக் கொல்லையில் விறகுக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே சாக்கு விரித்துப் பூனையைக் கிடத்தி, தயிர்சாதம் வைத்தார் வைத்தியலிங்கம். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பருப்புசாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து வைத்தார். அதற்கும் அப்படியே. பாலை மட்டும் நக்கியது; நக்கியதெல்லாம் வயிற்றுப்போக்காகப் போயிற்று. மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டார். மருத்துவர் சிரித்துவிட்டு, மீனை வேகவைத்து முள்ளை எடுத்துக் கொடுங்கள் என்றார்.

வைத்தியலிங்கம் அம்மாவிடம் போனார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மடத்துக்குள்ள மீன் வரலாமா?"

"வரக் கூடாது."

"அப்போ பூனை பட்டினி கிடக்கலாமா?"

"கிடக்கக் கூடாது."

"ரெண்டும் எப்படி முடியும்?"

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "அதுதான் எனக்கும் தெரியல," என்றார்.

மறுநாள் பூனை தலையைத் தூக்கவில்லை. வைத்தியலிங்கம் வந்து அதைச் சொன்னார். அம்மா எழுந்து கொல்லைக்குப் போனார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த தென்னங்கீற்றுத் தட்டிதான் அந்தப் பக்கம் மடத்துக்கு எல்லை. அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஒரு முனையைத் தூக்கினார். பாரமாக இருக்குமே என்று வைத்தியலிங்கம் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சுமந்து வந்து, கொட்டகைக்கு முன்னால் நட்டார்கள்.

"இப்போ கொட்டகை மடத்துல இல்லை," என்றார் அம்மா.

வேலைக்குப் போன காலமெல்லாம் எல்லைக்கல் நட்டவருக்கு அது பொறுக்கவில்லை. "இஷ்டத்துக்கு இப்படி நகர்த்தலாமா அம்மா? ஒரு சாண் தள்ளி நட்டதுக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனதைப் பாத்திருக்கேன்."

"இன்னொரு முனையைப் பிடிச்சது நீங்கதானே?"

பிறகு, மீனைத் தொட்டவர் மறுநாள் விடிந்து குளிக்கும்வரை தட்டிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, அந்த வழக்கத்தில் மாற்றமில்லை என்றும் சொன்னார். எல்லை நகரும், வழக்கம் மட்டும் நகராதா என்று வைத்தியலிங்கம் கேட்டார். அம்மா கீரை உருவப் போய்விட்டார்.

ஏரிக்கரை ரோட்டில் காலையில் மொபெட்டில் மீன் கொண்டு வருபவள் சூசையம்மாள். முதல் நாள் வைத்தியலிங்கம் அவளிடம் வாழையிலையை நீட்டிவிட்டு, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். மீன் செத்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டும் வைத்தார்.

"உசுரோட இருந்தா ஏரியில இருந்திருக்கும், என் கூடையில ஏன் இருக்கப் போவுது? இங்க பாத்துப் பிடி சாமி. கீழ விழுந்தா காக்காதான் தின்னும்."

அதற்குப் பிறகு அவளுக்குத் தினமும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கால் எப்படி இருக்கிறது என்பாள். மாப்பிள்ளைக்கு இன்று கெண்டை என்பாள்.

கொட்டகை வாசலில் மூன்று செங்கல் வைத்து, சின்னச் சட்டியில் மீனை வேகவைத்தார். முதல் நாளே ஒரு முள் தங்கிவிட்டது. பூனை இருமித் திணற, அதன் வாய்க்குள் விரலை விட்டு முள்ளை எடுத்தார். பூனை கடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியில் வைத்து நசுக்கிப் பார்த்தார். கெண்டையில் கவை பிரியும் முள் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிய ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தும் வாசனை மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

விடிந்து குளித்ததும் உள்ளே போய் ஒரு கும்பிடு போடுவார். மீன் வந்ததும் வெளியே வந்துவிடுவார். பாடம் நடப்பதோ அதற்குப் பிறகுதான். தட்டிக்கு வெளியே, மடியில் பூனையோடு உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, நான் இப்போ மடத்துல இருக்கேனா, இல்லையா?"

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ பாடத்தைக் கவனிங்க."

அது பதிலா இல்லையா என்று அன்று முழுக்க அவருக்குப் பிடிபடவில்லை.

ஆனித் திருமஞ்சனம் வந்தது. அன்று ஒரு வேளை மட்டும் மீனை வேகவைத்துப் பூனைக்குப் போடும்படி முந்தின நாளே சூசையம்மாளிடம் கேட்டிருந்தார். "போ, போய் முழுச் சாமியாயிட்டு வா," என்றாள் அவள். வைத்தியலிங்கம் ஈர வேட்டியோடு, திருநீறு பூசி, தட்டியோரமாக நுழைந்து உள்ளே வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார். விளக்கு ஏற்றியாயிற்று.

கொட்டகையில் பூனை கத்தியது.

"சாப்பிட்டுதா?" என்று கேட்டார் அம்மா.

"சூசையம்மா வேகவெச்சு வெச்சுட்டுப் போயிருக்கா. வியாபாரத்துக்கு நேரமாயிடுச்சாம்."

"சாப்பிட்டுதா?"

"முழுசா வெச்சிருப்பா. முள் எடுத்திருக்க மாட்டா." வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கு நான் தொட முடியாதே அம்மா. அரைநாள் தாங்கிடும்."

பூனை மறுபடி கத்தியது.

அம்மா எழுந்தார். விளக்கைத் தாண்டி, கொல்லையைத் தாண்டி, தட்டியோரமாக வெளியே போய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சட்டிக்குள் கையை விட்டு ஒரு கெண்டையை எடுத்தார்.

பின்னாலேயே ஓடி வந்த வைத்தியலிங்கம் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன பண்ணிட்டீங்க அம்மா? இனி நீங்க இந்தப் பக்கம் வர முடியாதே."

"ஆமா, வர முடியாது."

"நான் சுத்தமா உள்ள நிக்கறேன். குரு மீனும் கையுமா வெளியில. இதுல யாரு யாருக்குத் தீட்சை குடுக்கறது? நல்ல நேரம் முடியப் போகுது. நான் என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அம்மா கெண்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிய்த்தார். முள் விரலில் குத்தியது. கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, எனக்கு முள் எடுக்கத் தெரியல," என்றார். "கொஞ்சம் சொல்லிக் குடுங்க."