கோணப்பட்டி ஸ்டூடியோவின் இரண்டு பூட்டுகள்

கோணப்பட்டியில் கூட்டாக போட்டோ ஸ்டூடியோ நடத்திய மூன்று பேரும் சொன்ன சொல்லை மீறாதவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான்.

ரிப்பேர் கடை தாவூது பாய் சொல்லிவிட்டுப் போனார்: "திருடன் திறந்துடாதபடி லேப்டாப் முழுசையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்க. இன்டர்நெட்ல கிளவுடு பெட்டியில ஒரு நகல் ஏத்தி, அதுக்கும் தனிப் பூட்டு. வேற நகல் இருந்தா அழிச்சிருங்க. காகிதத்துல எழுதக் கூடாது. எந்தப் பெட்டியோட சாவியையும் அந்தப் பெட்டிக்குள்ளயே வைக்கக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"லேப்டாப் பாஸ்வேர்டைக் கிளவுடுல வச்சிருவோம்," என்றார் மூத்தவர் குழந்தைவேலு.

"கிளவுடோட பாஸ்வேர்டு, அண்ணே?" என்றான் எத்திராஜ்.

"அதை லேப்டாப்ல வைப்போம்."

பிச்சமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுக்கொண்ணு காவல்."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரே. நமக்குத் தெரியுதே?" என்றான் எத்திராஜ்.

இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு, உடனே பாஸ்வேர்டுகளை மறக்க உட்கார்ந்தார்கள். எத்திராஜ் அரைமணியில் மறந்துவிட்டான். குழந்தைவேலுவுக்கு மட்டும் கடைசி இரண்டு எழுத்து போக மாட்டேன் என்றது. மற்ற இருவரும் அவர் காதருகே மாற்றி மாற்றிப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லி அதையும் விரட்டினார்கள்.

மறுநாள் வீரபாகு வந்தார், மகளின் கல்யாண ஆல்பத்துக்கு.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை துபாய் கிளம்புறார். ஆல்பம் இல்லாமப் போனா சம்பந்தி வீட்டுல என்னைப் படியேத்த மாட்டாங்க."

லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. அது கிளவுடில் இருந்தது. கிளவுடு பாஸ்வேர்டு கேட்டது. அது லேப்டாப்பில் இருந்தது.

"எவ்வளவு கெட்டி பாத்தீங்களா," என்றார் குழந்தைவேலு பெருமையாக. "எங்களாலயே திறக்க முடியல."

வீரபாகு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "பின்னே யாராலதான்யா முடியும்?"



"பூட்டு எதுக்குன்னார் பாய்?" என்றான் பிச்சமுத்து.

"திருடன் திறந்துடக் கூடாதுன்னு," என்றார் குழந்தைவேலு.

"அப்ப திறக்கத் தெரிஞ்சவன் திருடன் ஒருத்தன்தானே."

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் லேப்டாப்பை வைத்துவிட்டு, நால்வரும் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒருமணி நேரத்தில் ஒருவன் வந்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

போன உயிர் வந்தது மூவருக்கும். பின்னாலேயே ஓடினார்கள். அவன் இன்னும் வேகமெடுத்தான்.

"அண்ணே, மெல்லப் போங்க, கீழ போட்டுராதீங்க," என்றார் குழந்தைவேலு.

"சார்ஜரை விட்டுட்டுப் போறீங்க," என்று ஒயரை ஆட்டிக்கொண்டே ஓடினான் பிச்சமுத்து.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனவர் வீரபாகுதான்.

"தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரு. என் மச்சான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற படத்தை மட்டும் ஆல்பத்துல சேத்துராத."