கழற்றாத தொப்பி

"நான் போட்ட பந்துக்கு நீங்கள் எதற்குத் தொப்பியைக் கழற்றினீர்கள்? அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!"

உடை மாற்றும் அறையின் நடுவில் நின்று தத்சுமி கத்தினான். மற்ற ஆட்டக்காரர்கள் காதில் எதுவுமே விழாத மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள்.

ஹிராய்வா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜப்பானிய பேஸ்பால் அணியில் பந்து வீசுகிறவர்களுக்கு அவர்தான் குரு. பள்ளிக்கூடத்தை விட்டு நேரே வந்த தத்சுமியை ஆறு வருஷமாக வளர்த்தவர்.

நடந்தது இதுதான். பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி எழும்பி வராது. ஆளைத் தேடி நேரே வரும். அன்று மதிய ஆட்டத்தில் தத்சுமி போட்ட பந்து உள்ளே திரும்பி, எதிரணியில் மட்டை பிடித்து நின்ற இசோமுராவின் மணிக்கட்டில் மோதியது. எட்டு வருஷம் இரண்டாம் அணியிலேயே கிடந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல் அணிக்கு வந்தவன். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னபோது, ஒரு மூலையிலிருந்து அவனுடைய ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் அவன் மண்ணில் உருண்டுகொண்டிருந்தான்.

ஜப்பானில் இப்படி நேர்ந்தால் பந்து போட்டவன் தொப்பியைக் கழற்றித் தலை குனிய வேண்டும். சட்டமில்லை, வழக்கம். பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யும். தத்சுமி செய்யவில்லை. பந்தின் வேகம் எவ்வளவு என்று பலகையைப் பார்த்தான். பிறகு, தங்கள் அணிகளுக்கு ஆள் தேடி வந்த அமெரிக்கர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான்.

ஓரத்திலிருந்து இறங்கி வந்து தொப்பியைக் கழற்றியது ஹிராய்வாதான்.

"அங்கே தொப்பியைக் கழற்றினால் கோழை என்று நினைப்பார்கள்" என்றான் தத்சுமி. "என் ஏஜெண்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இப்போதே பழகிக்கொள் என்றார்."

"அங்கே போய்க் கழற்றாதே. யார் வேண்டாமென்றது?"

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

"நீ நின்றது இங்கே."

"எல்லாரும் பார்த்தார்கள், கோச். என் மானம் போயிற்று."

"உனக்கு மானம் போயிற்று. அவனுக்கு மணிக்கட்டு போயிற்று. உன்னுடையதற்கு மாவுக்கட்டு வேண்டாம்."

தத்சுமி சுவரைப் பார்த்தான். இன்னும் கத்தியிருப்பான். ஆனால் மறுநாள் காலை அணி நிர்வாகத்தின் கூட்டம் இருந்தது. இந்தக் குளிர்காலமே அவனை அமெரிக்காவுக்கு விடுவதா, இன்னும் இரண்டு வருஷம் பிடித்து வைப்பதா என்று அதில் முடிவாகும். பையன் தயார் என்று ஹிராய்வா சொன்னால் தயார். இல்லையென்றால் இல்லை.

அந்த ஊரில் இந்தப் பேச்சு எடுத்தாலே ரசிகர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் தர இறாலையெல்லாம் கப்பலுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உள்ளூர்ச் சந்தையில் கொட்டுகிறார்களே, அந்த மாதிரி கை தேறின பையன்களையெல்லாம் அங்கே அனுப்பிவிடுகிறார்களாம். ஹிராய்வா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரில்லை. போகிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியதே கிடையாது. இதற்கு முன் போனவர்களை விமான நிலையம் வரை போய் வழியனுப்பியிருக்கிறார்.

"கண்ணை மூடு" என்றார்.

"எதற்கு?"

"மூடச் சொன்னால் மூடு. கையை நீட்டு."

நீட்டிய கையில் ஒரு பந்தை வைத்தார். "வேகமாகப் போடுவதற்குப் பிடிக்கிற மாதிரிப் பிடி."

பிடித்தான்.

"இப்போது திறந்து உன் விரலைப் பார்."

நகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. துணி பிழிகிறவளின் விரல் மாதிரி.

"இது நம் ஊர்ப் பந்து. சின்னது. தானாகவே விரலில் ஒட்டும். இப்படி நெரித்தால் விட வேண்டிய நேரத்தில் விடுமா? நான் சொல்லிக்கொடுத்த பிடி இதில்லை. அமெரிக்கப் பந்தில் எப்போதிருந்து பழகுகிறாய்?"

தத்சுமி விரல்களைத் தளர்த்தினான்.

"கோடையிலிருந்து" என்றான். "அது பெரிசு. வழுக்கும். இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கிறது."

"என்னிடம் சொல்லவில்லையே."

"சொன்னால் தடுப்பீர்கள்."

"இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பேனடா! நீ இன்னும் விமானம் ஏறவில்லை. கை மட்டும் முன்னாலேயே ஏறிப் போய்விட்டது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு இங்கே ஒருத்தன் எதிரில் நின்று பந்து போடுகிறாய். அவன் உன்னை நம்பித்தானே நிற்கிறான்?"

குரல் உயர்ந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அந்தக் குரல் உயர்ந்து தத்சுமி கேட்டதில்லை.

"தப்புதான்" என்றான். பந்தைத் திருப்பிக் கொடுத்தான். "மில்பர்ன் என்ன நினைத்திருப்பாரோ."

"அது யார்?"

"முதல் வரிசையில் வெள்ளைத் தொப்பி. அவர் பக்கத்தில் ஆல்வாரெஸ். பின்னால் பிரெண்டன். மில்பர்னின் மகளுக்குப் போன வாரம் பல் பிடுங்கினார்கள். விசாரித்து மெசேஜ் போட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்."

"வலி குறைந்ததா?"

"யாருக்கு?"

"மில்பர்னின் மகளுக்கு."

"குறைந்துவிட்டதாம்."

ஹிராய்வா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள், கோச்?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து முடிவு செய்கிறேன். நீயும் வா."

வழியில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி தத்சுமி ஒரு பெட்டி பழம் வாங்கினான். கடையிலேயே உயர்ந்த ரகம். பின் சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு மன்னிப்பு வாசகத்தைச் சொல்லிப் பார்த்தான். என் கவனக்குறைவால் உங்களுக்கு நேர்ந்த துன்பத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். "மனப்பூர்வமாக" என்ற இடத்தில் தலை குனிந்து பார்த்தான். முன் சீட்டில் இடித்துக்கொண்டது.

"எப்படியிருக்கிறது, கோச்?"

"நன்றாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் அப்படியே போட்டுக்கொள்ளலாம்."

"கிண்டல் செய்யாதீர்கள். அந்த ஆள் ரொம்பக் கோபமாக இருப்பாரா?"

"கேட்டுப் பார்."

"நான் போய் நின்றாலே பாதிக் கோபம் போய்விடும். இல்லையா?"

ஹிராய்வா ஜன்னலை இறக்கிவிட்டார். உள்ளே பழவாசனை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் மாலை நேரக் கூட்டம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நீங்கள் தத்சுமிதானே? ஐயோ, என் தம்பியின் அறைச் சுவர் முழுக்க நீங்கள்தான்! இன்றைக்கு எனக்கு டியூட்டி, ஆட்டம் பார்க்க முடியவில்லை. ஜெயித்தீர்களா?"

"ஜெயித்தோம்" என்றான் தத்சுமி. தோள் தானாக நிமிர்ந்தது.

"அமெரிக்காவுக்குப் போகிறீர்களாமே?"

"பார்க்கலாம்" என்று சிரித்தான்.

அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்கள், யாரைப் பார்க்க வேண்டும்?"

"இன்றைக்கு ஆட்டத்தில் மணிக்கட்டில் அடிபட்டவர். மதியம் கொண்டுவந்திருப்பார்கள்."

"இன்றைக்குக் கை உடைந்து நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பெயர்?"

தத்சுமி வாயைத் திறந்தான். பழப்பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பிறகு திரும்பி ஹிராய்வாவைப் பார்த்தான்.

ஹிராய்வாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமினார்.

"பெயரைச் சொன்னால்தான் எந்த அறை என்று பார்க்க முடியும்" என்றாள் அந்தப் பெண், விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடி. "கொஞ்சம் பெயரைச் சொல்லுங்கள்."