சம்ஹா முனகக் கற்றுக்கொண்ட நாள்

அந்தக் காலத்தில், மனிதரும் மிருகமும் ஒரே பேச்சுப் பேசியபோது, பாலைவனத்தில் ஒட்டகத்தைப்போல மரியாதை பார்க்கும் பிராணி வேறில்லை. எவ்வளவு சுமை ஏற்றினாலும் வாயைத் திறக்காது.

ஹமூத் என்ற பெதூயின் நாடோடி ஒட்டகக்காரனிடம் சம்ஹா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. அவன் தங்கை மவ்ஸாவுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் கல்யாணம். அவள் பெண்களோடு முன்னாலேயே போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் மணப்பெண்ணின் கூடாரம் அங்கே நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை சனத்துக்கு நடுவில் அவளுக்கு ஒதுங்க இடமிருக்காது.

ஹமூத் கூடாரத்தைச் சம்ஹாவின் முதுகில் கட்டினான். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி செம்புப் பாத்திரங்களைத் தந்தாள், ஒருவர் பேரீச்சை மூட்டையை வைத்தார், சித்தப்பா திருகைக்கல்லையே உருட்டிக்கொண்டு வந்தார்.

"தாங்குமா அம்மா?" என்று ஹமூத் கேட்டான்.

"தாங்கும் அண்ணே" என்றது சம்ஹா.

பாதி வழியில் அது மணலில் உட்கார்ந்துவிட்டது. எழ முயன்றது, முடியவில்லை. ஹமூத் கயிற்றை விட்டுவிட்டு அதன் முன்னால் குந்தினான்.

"ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"உன் வீட்டு உப்பைத் தின்கிறேன். விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறாய். விருந்தாளி வேண்டாம் என்று சொல்லலாமா?"

"விருந்தாளிகூடக் காபி போதுமென்றால் குவளையை ஆட்டிக் காட்டுவாரே."

"எனக்குக் கை ஏது அண்ணே, குவளைக்கு எங்கே போவேன்?"

அந்த நிலையிலும் ஹமூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடாரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்கினான். பேரீச்சையைப் பாறை மறைவில் வைத்தான். பாத்திரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருகைக்கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டான். சித்தப்பா கோபக்காரர், கல்லை விட்டுவிட்டுப் போக முடியாது.

சம்ஹா எழுந்து நடந்தது. வழி நெடுக அவன் "ம்ம்ம்... ஆஆ..." என்று முனகினான். சம்ஹா காதைத் திருப்பிக் கேட்டது.

"இது என்ன சத்தம்?"

"பாரம் வெளியே போகிற சத்தம். முனகினால் கொஞ்சம் லேசாகிறது."

"கேட்க நன்றாக இருக்கிறதே" என்று சம்ஹாவும் முனகிப் பார்த்தது. ஹமூத் முனக, அது பதில் முனக, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தபடி பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அந்தக் கூத்தைக் கேட்டே சனம் எதிர்கொண்டு ஓடி வந்தது. சூரியன் மறையுமுன் கூடாரம் நின்றது. மவ்ஸா உள்ளே போகுமுன் சம்ஹாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள்.

விருந்து முடிந்து திரும்பும்போது ஹமூத் அதன் முதுகில் ஒரு தலையணையை வைக்கப் போனான். தலையணை படவேயில்லை, அதற்குள் சம்ஹா பள்ளத்தாக்கே அதிரும்படி முனகியது. ஹமூத் கோபப்படவில்லை.

"சொல்லு தாயி, நன்றாகச் சொல்லு" என்று அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

அன்று முதல்தான் சுமையைக் கண்டவுடனே ஒட்டகம் முனகுகிறது. பெதூயின்களும் அதைத் திட்டாமல், அது முனகி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றை இறுக்குகிறார்கள்.