பெருச்சாளி கொண்டுவந்த தேக்கிலை

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் செங்காலி என்ற நாரை மூன்று முட்டைகள் இட்டிருந்தது. போன வருடமும் மூன்றுதான். மூன்றையும் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது.

இந்த வருடம் மழையும் இல்லை. கரையோரத்தில் நத்தையும் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து தொலைவுக்குப் பறந்தால்தான் வயிறு நிறையும். மதியத்தில் ஒரு நாழிகை கூடு தனியாகக் கிடக்கும். பாம்புக்கு அந்த ஒரு நாழிகை போதாதா?

"காவலுக்கு ஆள் வைத்துவிடலாம்," என்றது அதன் கணவன் கருவாலன்.

"வைக்கலாம். விஷயம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்! போன வருடம் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளையில் தூங்கியது யார்?"

கருவாலன் அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

மறுநாள் இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். முதலில் வந்தது ஒரு பெண்மயில். தோகை கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒரு காலில் நகம் வேறு ஒடிந்திருந்தது.

"பாம்பை விரட்டுவாயா?"

"விரட்டுவேன், அக்கா."

"எங்கே கற்றாய்?"

"எங்கேயும் இல்லை. என் குஞ்சுகளைத் தேடிப் பாம்பு வந்தது, கொத்தினேன். அப்புறம் இன்னொன்று வந்தது. அதையும் கொத்தினேன்."

"சான்றிதழ் இருக்கிறதா?"

"அப்படியென்றால்?"

செங்காலிக்கு எரிச்சல் வந்தது. சான்றிதழ் என்றால் என்னவென்றே தெரியாததெல்லாம் வேலைக்கு வந்து நிற்கிறது! "சரி, சரி, சொல்லி அனுப்புகிறேன்," என்றது.

மயில் போனதும் ஒரு பெருச்சாளி வந்தது. பருத்தன் என்று பெயர். வாயில் ஒரு பெரிய தேக்கிலையைக் கவ்வியிருந்தது. இலையில் நகத்தால் கீறிய எழுத்துகள். அடியில் தேக்கங்கொழுந்துச் சாற்றில் தோய்த்துப் பதித்த கால் தடம், ரத்தம் போலச் சிவப்பு.

"வணக்கம் அம்மா! இதோ சான்றிதழ்! நரியார் தொழில் மேம்பாட்டுப் பயிற்சிக் கூடம்! பாம்புக் காவல், மேல்நிலைப் பிரிவு!"

கருவாலன் மெல்லக் குனிந்தது. "செங்காலி, பெருச்சாளி என்றால் சாரைக்குச் சாப்பாடு அல்லவா?"

"சாதாரணப் பெருச்சாளி என்றால் சாப்பாடு! இது மேம்பட்ட பெருச்சாளி! இலையைப் பாருங்கள்!" என்றது செங்காலி.

கருவாலன் இலையைப் பார்த்தது. பிறகு பெருச்சாளியைப் பார்த்தது. போன வருடத் தூக்கம் நினைவுக்கு வந்தது. அலகை மறுபடியும் இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

இலையைக் கண்டதும் மயங்கிவிடச் செங்காலி ஒன்றும் ஏமாளி இல்லை. காட்டில் போலி இலைகள் நடமாடுவது அதற்குத் தெரியும். இலையைக் கவ்விக்கொண்டு நேராக நரியின் பாறைக்கே பறந்தது.

"இது நீர் கொடுத்ததுதானா?"

நரி தன் முன்னங்காலைத் தடத்தின்மேல் வைத்துக் காட்டியது. இம்மியும் பிசகவில்லை. "என் கால்தான் அம்மா. என் இலைதான். பருத்தன் பயிற்சியின் ஏழு நாளும் தவறாமல் வந்தான். நல்ல பிள்ளை!"

"போலி இல்லையே?"

"சத்தியமாக இல்லை!"

செங்காலிக்கு நிம்மதி. அன்றே பருத்தனை வேலைக்கு வைத்தது.

மூன்று நாள் பாம்பு வரவில்லை. பருத்தன் மார்பை நிமிர்த்திக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "பார்த்தீர்களா!" என்று செங்காலி கணவனிடம் பெருமை அடித்துக்கொண்டது.

நான்காம் நாள் மதியம் இருவரும் திரும்பியபோது மரத்தடியில் சத்தமே இல்லை. கூட்டில் ஒரு முட்டை மட்டும் ஓரமாக உருண்டு கிடந்தது. கீழே தேக்கிலை கிடந்தது. மண்ணில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரோமம். அவ்வளவுதான்.

பக்கத்துக் கிளை மைனா எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

"பாம்பு வந்தது, அக்கா. பருத்தன் ஓடவே இல்லை. ஓடியிருக்கலாம், பக்கத்திலேயே வளை இருந்தது! 'முதல் பாடம்! பாம்புக்கு முன்னால் கோடு போடு! கோட்டைப் பாம்பு தாண்டாது!' என்று கத்தியது. நகத்தால் கோடு போட்டது. கோட்டுக்குப் பின்னால் நின்றது."

"பிறகு?"

"பாம்பு தாண்டியது."

செங்காலி மரத்தடிக்கு இறங்கியது. இலையைக் கவ்விக்கொண்டு மறுபடியும் பாறைக்குப் பறந்தது.

"அயோக்கியா! என் இரண்டு முட்டை போயிற்று! உன்னை நம்பிய மாணவனும் போனான்! போலிச் சான்றிதழ் கொடுத்தாயே!"

நரி அசையவில்லை. "போலியா? படித்துப் பாருங்கள் அம்மா."

செங்காலி அதுவரை மேலே இருந்த பெயரைப் படித்திருந்தது. கீழே இருந்த தடத்தைப் பார்த்திருந்தது. நடுவில் பொடியாகக் கீறியிருந்த வரியை இப்போதுதான் படித்தது.

'ஏழு நாள் பயிற்சியில் கலந்துகொண்டார்.'

"கலந்துகொண்டார் என்றுதானே இருக்கிறது?" என்றது நரி. "தேறினார் என்று எங்கேயாவது எழுதினேனா? நான் தேர்வே வைப்பதில்லையே!"

"பாம்பையாவது கண்ணில் காட்டினாயா?"

"மணலில் வரைந்து காட்டினேன்."

"அன்றைக்கு நான் வந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

"போலியா என்று கேட்டீர்கள், இல்லை என்றேன். அவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கவே இல்லையே, அம்மா!"

செங்காலிக்கு ஆத்திரம் பொங்கியது. இலையை நரியின் முகத்தில் எறிந்துவிட்டு, பெண்மயிலைத் தேடிப் போனது.

மயில் புதருக்குள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டேன்," என்றது செங்காலி.

"எத்தனை மிச்சம், அக்கா?"

"ஒன்று."

"ருசி கண்ட பாம்பு. நாளைக்கே வரும். நான் நிற்கிறேன். நீங்களும் இருந்து பாருங்கள். எனக்கு முடியவில்லை என்றால் வேறு ஆள் தேடிக்கொள்ளலாம்."

மறுநாள் செங்காலி இரை தேடப் போகவில்லை. பட்டினியாகக் கூட்டின்மேல் நின்றது. மதிய வெயிலில் சாரை வந்தது. மயில் கோடும் போடவில்லை, கத்தவும் இல்லை. பாம்பு தலையைத் தூக்கும்வரை மரத்தடியில் அசையாமல் நின்றது. தூக்கியதும் தலைக்குப் பின்னால் ஒரே கொத்து! பாம்பு சுருண்டு காலைச் சுற்றியது. மயில் உதறியது, மறுபடியும் கொத்தியது. செங்காலி கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்தது. பாம்பு மறுபடி எழவில்லை.

ஆறு நாள் கழித்து முட்டை பொரிந்தது. மூன்று குஞ்சுகளுக்கென்று கட்டிய கூட்டில் ஒரு குஞ்சு வாயைத் திறந்தது. செங்காலி மற்ற இரண்டு இடங்களைப் பார்க்காமலே ஊட்டப் பழகிக்கொண்டது.

சான்றிதழ் மெய்யா பொய்யா என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எதற்குச் சாட்சி சொல்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்து, வேலையைக் கண்ணால் பார்த்த பிறகே ஆளை நம்புங்கள்.